காயலான் கடைக்குப் போகும் சாட்சி



இன்று டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினம். 1986-ல் இதே தேதியில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. இந்த நாளில் எடைக் குறைவு, கலப்படம், காலாவதியான மாத்திரை என்று பேசுவது வழக்கம். நான் இயந்திரங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் அடுக்களையில், மாடிப்படிக்குப் பக்கத்தில், பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டியில் நாள் முழுக்க ஓடுகிற இயந்திரங்கள். அவற்றில் ஒன்று பழுதாகி ஆளைக் கொன்றால் யார் பதில் சொல்ல வேண்டும்?

வெளியூர்க் கதை எதற்கு? நம் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரைச் சொல்கிறேன். 2012 ஜூலை 25. இங்கே இருக்கிற பலர் அன்று அந்தச் சாலையில் நின்றிருப்பீர்கள். பள்ளி விட்டு வந்த பேருந்தின் தளத்தில் ஓட்டை. இரண்டாம் வகுப்பு படித்த ஆறு வயதுக் குழந்தை அந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, தான் ஏறி வந்த அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று, நாம் எஃப்.சி. என்று சொல்கிறோமே அது, அதே மாதம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. ஓட்டையோடு ஒரு பேருந்து தகுதியானது என்று ஓர் அரசு முத்திரை சொன்னது!

சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் பலனாகத் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே 2012-ல் சிறப்பு விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் தளத்தைத் தட்டிப் பார்க்கிறார்களே, அவசர வழிக் கதவைத் திறந்து பார்க்கிறார்களே, அந்த ஆய்வுக்குப் பின்னால் முடிச்சூர் இருக்கிறது. ஆனால் குற்ற வழக்கு என்ன ஆனது? பத்து ஆண்டு நடந்தது. 2022-ல் செங்கல்பட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எட்டு பேரையும் விடுவித்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது.

இந்த இடத்தில்தான் நம் மக்கள் மனம் உடைந்துபோகிறார்கள். "அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுபோச்சு" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். இல்லை அம்மா, முடியவில்லை. சட்டத்தில் இரண்டு வாசல் உண்டு. ஒன்று தண்டனைக்கு. அங்கே இன்ன ஆள் இன்ன கவனக்குறைவு செய்தான் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், இயந்திரத்தைக் கவனக்குறைவாக வைத்திருந்து ஆபத்து உண்டாக்கியதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 287-ஆம் பிரிவில் ஆறு மாதம் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த அபராதம் ஐயாயிரம். ஆள் இறந்துபோனால் வேறு பிரிவு, கூடுதல் தண்டனை. இன்னொரு வாசல் இழப்பீட்டுக்கு. அங்கே தராசு வேறு. குற்ற வழக்கில் விடுதலை கிடைத்ததாலேயே அந்த வாசல் மூடிக்கொள்வதில்லை.

அந்த வாசலில் நீதிமன்றம் என்ன கேட்கும்? டெல்லி சாந்தினி சௌக்கில் ஒரு மணிக்கூண்டு இருந்தது. எண்பது வயதுக் கட்டடம். 1951-ல் அது இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். 'உள்ளே இருந்த பழுது வெளியே தெரியவில்லை, நாங்கள் என்ன செய்வது' என்றது மாநகராட்சி. 1966-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வகைக் கட்டடத்தின் ஆயுளே நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுதான். அதைத் தாண்டி நின்ற கூண்டைத் தகுந்த ஆளை வைத்துச் சோதித்துப் பார்த்தாயா என்று கேட்டது. தெரியவில்லை என்பது பதில் ஆகாது, பார்த்தாயா என்பதே கேள்வி. பிரேக் பிடிக்காமல் போன பேருந்துக்கும் கேள்வி இதுவே. பழுது தானாக வந்தது என்று சொல்லும் உரிமையாளர், ஒழுங்காகப் பராமரித்தேன் என்று தானே காட்ட வேண்டும். வண்டி அவர் கையில் இருந்தது, அதன் சரித்திரமும் அவர் கையில்தான் இருக்கிறது. செத்தவன் வீட்டார் எங்கே போய் சர்வீஸ் ரசீது தேடுவார்கள்?

இனி வீட்டுக்குள் வருவோம். சொல்லவே மனம் கனக்கிறது. 2019 ஜூனில் சேலையூரில் ஒரே வீட்டில் மூன்று பேர் இறந்தார்கள். பிரிட்ஜில் ஏற்பட்ட மின்கோளாறும் அதிலிருந்து கிளம்பிய புகையும்தான் காரணம் என்று அப்போது செய்தி வந்தது. 2022 நவம்பரில் ஊரப்பாக்கம். பல மாதம் பூட்டிக் கிடந்த அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பி வந்த குடும்பம். பிரிட்ஜ் வெடித்து மூன்று பேர் போனார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையில் கொஞ்ச தூரம்தான். 'நேரம் சரியில்லை' என்று ஊர் சொன்னது. நேரத்தின் மேல் பழி போட்டுவிட்டால், கம்ப்ரசரை யார் பார்ப்பது? வயரிங்கை யார் பார்ப்பது?

2019-ல் நிறைவேறி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டத்தில், பொருளால் விளையும் தீங்குக்குப் பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது, 82 முதல் 87 வரையான பிரிவுகள். பொருளில் தயாரிப்புக் குறையோ வடிவமைப்புக் குறையோ இருந்தால் கம்பெனி பொறுப்பு. சரியான எச்சரிக்கை கொடுக்காவிட்டாலும் பொறுப்பு. சர்வீஸுக்கு வந்தவர் வேலையைக் கெடுத்துவைத்தால் அவர் பொறுப்பு. பொருளை மாற்றியமைத்து விற்ற கடைக்காரரும் தப்ப முடியாது. கம்பெனி ஒரு தரத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் கொடுத்துவிட்டு, பொருள் அப்படி இல்லையென்றால், 'நான் கவனமாகத்தான் தயாரித்தேன்' என்ற சமாதானம்கூட எடுபடாது. பில் யார் பேரில் இருந்தாலும், வாங்கியவரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்திய வீட்டாரும் நுகர்வோர்தான். அவர் இறந்தால் வாரிசு வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. நமக்கு செங்கல்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் வழக்கு நிற்பதில்லை? என் மனத்தை அறுக்கிற விஷயம் இதுதான். விபத்து நடந்த மறுவாரமே, வீட்டைச் சுத்தம் செய்கிற சாக்கில், கருகின பிரிட்ஜும் உடைந்த கிரைண்டரும் காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. கிலோ கணக்கில் எடை போட்டுக் காசு வாங்குகிறோம். நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த இரும்புதான். பழுதைச் சோதித்தால்தான் தெரியும் என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அனுப்புவதற்குப் பொருள் வேண்டாமா? முடிச்சூரில் அன்று ஆத்திரத்தில் ஜனங்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். அந்த ஆத்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன், குழந்தையைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள். ஆனால் எரிந்தது அந்தக் குழந்தையின் பக்கம் பேச வேண்டிய சாட்சி.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். விபத்து நடந்த இயந்திரத்தைத் தொடாதீர்கள். ஸ்விட்ச் எந்த நிலையில் இருந்தது, வயர் எங்கே கருகியிருக்கிறது என்று போட்டோ எடுங்கள். மாடல் எண் இருக்கிற தகட்டையும் எடுங்கள். போலீஸ் வந்தால் பொருளைக் கைப்பற்றி மகஜரில் எழுதச் சொல்லுங்கள். பில்லும் வாரண்டி கார்டும் போதாது, கேஸ் ஏற்றிய மெக்கானிக் கொடுத்த துண்டுச்சீட்டையும் வைத்திருங்கள். கம்பெனி ஆள் வந்து "பழசை நாங்க எடுத்துக்கறோம், புதுசு தர்றோம்" என்றால் கொடுக்காதீர்கள்.

வேலை செய்யும் இடத்தில் நடந்தால் முன்பு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது; 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2016 மே மாதம் கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினத்தைச் சோதனைக்கு ஓட்டும்போது ஊழியர் ஒருவர் இறந்தாரே, அப்படிப்பட்ட குடும்பங்களுக்காக எழுதப்பட்ட சட்டம் அது.

கடைசியாக, குடியிருப்போர் சங்கச் செயலாளர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. இதுவரை கம்பெனியைப் பேசினேன், பள்ளியைப் பேசினேன். மாடம்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அந்த லிஃப்ட் யாருடையது? கட்டியவர் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அது நம் சங்கத்தின் பொறுப்பு. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். மாதச் சந்தாவை நூறு ரூபாய் குறைக்கலாமே என்று பொதுக்குழுவில் கைதட்டி, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏ.எம்.சி.யை நிறுத்துகிறோம். நாளை கதவு திறந்து கூண்டு வராமல் ஒரு பாட்டி காலை வைத்துவிட்டால், டெல்லி மாநகராட்சியிடம் கேட்ட கேள்வியை நீதிமன்றம் நம்மிடம் கேட்கும்.

வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் குடியிருப்பின் பெயர், லிஃப்ட் உரிமம் முடியும் தேதி, கடைசியாக சர்வீஸ் பார்த்த தேதி, மூன்றையும் எழுதுங்கள். தேதி தெரியாதவர்கள் தெரியாது என்றே எழுதுங்கள். அந்த வீடுகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வருகிறோம்.