கட்டாயம் யாருக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "தலைமைப் பண்பு பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "சார், நான் பெரிய தலைவர் ஒண்ணும் இல்லையே" என்றேன். "அதனாலதான் உன்னைக் கூப்பிடறோம். நீ சீக்கிரம் முடிச்சிடுவே" என்றார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. அவருடைய நம்பிக்கையைக் காப்பாற்ற முயல்கிறேன்.

நான் பேசப்போவது ராணுவத்தைப் பற்றி. படையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளம் சிப்பாய்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தலைமைப் பயிற்சி கொடுத்து, அதைக் கட்டாயமாகவும் ஆக்கினால் பலன் உண்டா? அமெரிக்க ராணுவம் இதைப் பதினான்கு ஆண்டுகள் செய்து பார்த்தது. "அவங்க ராணுவத்துக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதில் என் சொந்தத் தவறு ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். தலைவர்கள் என்றதும் நமக்கு ஜெனரல்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் படையின் எலும்பும் நரம்பும் சார்ஜென்ட்டுகள்தான். 1778-இல் வேலி ஃபோர்ஜ் முகாமில், ஜார்ஜ் வாஷிங்டனின் பசித்த படைக்குப் பயிற்சி அளிக்க பிரஷ்யாவிலிருந்து வந்த ஸ்டூபன் என்பவர் அங்கேயே இதைப் புரிந்துகொண்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய விதிநூலில் அதிகாரிகளின் கடமைகளோடு சார்ஜென்ட், கார்ப்பரல் ஆகியோரின் கடமைகளையும் தனித்தனியாக எழுதி வைத்தார்.

இன்றைக்கும் காலாட்படையில் நான்கு பேர் கொண்ட மிகச் சிறிய குழுவுக்குத் தலைவர் ஒரு சார்ஜென்ட்தான். அவருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கலாம். நேற்றுவரை அதே மூவரோடு ஒரே அறையில் படுத்து, ஒரே ஜோக்குக்குச் சிரித்தவர். இன்று காலை முதல் அவர்களைப் பார்த்து, "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று சொல்ல வேண்டும். தலைமையில் மிகக் கடினமான படி இந்த முதல் படிதான் என்பது என் எண்ணம்.

இந்தப் படிக்குத் தயார் செய்யத்தான் 2010-இல் ஸ்ட்ரக்சர்டு செல்ஃப் டெவலப்மென்ட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். திட்டமிட்ட சுய வளர்ச்சி என்று சொல்லலாம். முதல் நிலை மட்டும் சுமார் 80 மணி நேரம். சிப்பாய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பாடங்களைப் படித்து, இறுதியில் தேர்வு எழுத வேண்டியிருந்தது. இதை முடிக்காதவருக்குச் சார்ஜென்ட் ஆவதற்கு முந்தைய நேரடிப் பள்ளியில் அப்போது இடம் கிடைக்கவில்லை. பேசிக் லீடர் கோர்ஸ் என்று 2015-இல் பெயர் மாறிய அந்தப் பள்ளி அப்போது 22 நாள் நடந்தது. பிறகு, 2018, 2019 வாக்கில் கம்ப்யூட்டர் பாடங்களைத் திருத்தி, டிஸ்ட்ரிபியூட்டட் லீடர் கோர்ஸ் என்று புதுப்பெயர் சூட்டி, ஆறு நிலைகளாக அமைத்தார்கள்.

இதில் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுமார் நாலரை லட்சம் பேர் முழுநேரமாகப் பணிபுரியும் படை அது. ஒருவர் கொரியாவில், ஒருவர் ஜெர்மனியில், இன்னொருவர் அலாஸ்கா பனியில் இருப்பார். இவர்களைத் தவிர, மாதத்தில் ஒரு வாரக்கடைசி பயிற்சிக்கு வரும் நேஷனல் கார்டு படையினரும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பாடம் போய்ச் சேர வேண்டுமென்றால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. அடிப்படைகளை முன்னமே படித்துவிட்டு வந்தால், நேரடி வகுப்பின் நேரத்தை விவாதத்துக்கும் செய்முறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற நன்மை வேறொன்று. நல்ல சார்ஜென்ட்டிடம் வந்து சேர்ந்த சிப்பாய்க்கு யாரும் கட்டாயப்படுத்தாமலே எல்லாம் கிடைத்துவிடும். அவரே கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பார். மோசமான சார்ஜென்ட்டிடம் மாட்டிக்கொண்ட பையனுக்கு என்ன வழி? அவனுக்குக் கட்டாயப் பாடம் ஒன்றுதான் கதி. கட்டாயம் என்பது கொடுத்து வைக்காதவனுக்கு ஒரு பாதுகாப்பு. "வேணும்னா படி, வேண்டாம்னா விடு" என்று சொல்லிவிட்டால் யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்குத்தான் அது கிடைக்காமல் போகும்.

சரி, கோளாறு எங்கே வந்தது?

அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியைச் சேர்ந்த லெனார்ட் வாங் என்ற ஆய்வாளர் 2002-இல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு கம்பெனி கமாண்டருக்குப் பயிற்சிக்கென்று ஆண்டில் கிடைப்பது 256 நாள். மேலிடம் கட்டாயம் என்று விதித்திருக்கும் பயிற்சிகளை முடிக்கத் தேவைப்படுவதோ 297 நாள்! 256 ரூபாய் சம்பளத்தில் 297 ரூபாய் கடன் அடைக்கச் சொன்ன கதைதான். அடைக்க முடியாதபோது மனிதர்கள் என்ன செய்வார்கள்? அடைத்துவிட்டதாக எழுதி வைப்பார்கள்.

அதே வாங், ஸ்டீஃபன் கெராஸ் என்பவருடன் சேர்ந்து 2015-இல் இன்னோர் ஆய்வு வெளியிட்டார். ராணுவம் தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்கிறது என்பதே அதன் தலைப்பின் சாரம். அதில் ஒரு செய்தி வருகிறது. ஏதோ ஒரு கட்டாய ஆன்லைன் பயிற்சியை எல்லோரும் முடித்தாக வேண்டும். நேரம் இல்லை. குழுவிலேயே கெட்டிக்காரப் பையன் ஒருவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்காக அவனே ஒன்பது தடவை தேர்வு எழுதினான். எல்லோர் கையிலும் சான்றிதழ் வந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை நண்பர்களே. ஏனென்றால், அந்தக் கெட்டிக்காரப் பையன் வேலையை நானும் செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு இன்ஜினியராக இருந்தேன். ஷிஃப்டில் சின்னச் சின்னக் குழுக்களுக்குத் தலைவராகப் போகிற இளம் டெக்னீஷியன்களுக்கு ஆன்லைன் பயிற்சி ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. பாதுகாப்பு, குழுவை நடத்துவது இரண்டும் அதில் உண்டு. மாதக் கடைசிக்குள் நூறு சதவீதம் காட்ட வேண்டும். என் கீழே நான்கு பேர் பாக்கி. இயந்திரங்கள் பழுதாகி நிற்கின்றன, பையன்களை அனுப்ப முடியாது. ஒரு ராத்திரி அந்த நால்வரின் ஐடி, பாஸ்வேர்டை வாங்கி, டீ குடித்துக்கொண்டே நானே முடித்துவிட்டேன். நால்வரும் நல்ல மதிப்பெண்ணில் தேர்ச்சி! மேலிடத்திலிருந்து பாராட்டு மெயில்கூட வந்தது.

இரண்டு மாதம் கழித்து, அந்த நால்வரில் ஒருவன் முதன்முதலாகக் குழுத் தலைவனாக இரவு ஷிஃப்ட் பார்த்தான். கன்வேயர் நின்றுவிட்டது. அவன் குழுவிலேயே வயதில் மூத்த ஒருவர், மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டுப் போடாமல், "அஞ்சு நிமிஷ வேலைடா" என்று கையை உள்ளே விட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் இது தெரியாமல் பட்டனை அழுத்திவிட்டார். மூத்தவருக்கு வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. உயிர் பிழைத்தார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பூட்டுப் போடணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா அவர் எனக்கு அண்ணன் மாதிரி. வேலை கத்துக் கொடுத்ததே அவர்தான். அவரைப் போய், 'அண்ணே, கையை எடுங்க'ன்னு எப்படி சார் சொல்றது?"

கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றான். பிறகு கேட்டான். "சார், அந்தக் கோர்ஸ்ல இதுக்கு என்ன சொல்லியிருந்தாங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் பெயரில் அந்தக் கோர்ஸை முடித்தவன் நான். எனக்கும் ஞாபகம் இல்லை. விசாரணைக் கோப்பில் அவனுடைய சான்றிதழ் பத்திரமாக இருந்தது. அவன் பெயர் போட்ட என் மதிப்பெண். நான் செய்ததை மேலிடத்தில் சொன்னேன், தண்டனையும் கிடைத்தது. அது நியாயம்தான். போன விரல் நுனிகள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய அமைப்புகள் இளைஞர்களுக்குத் தலைமையை எப்படிக் கற்றுக் கொடுக்கின்றன என்று தேடித் தேடிப் படித்தேன். ராணுவ விஷயம் அப்படித்தான் என் கண்ணில் பட்டது.

2024-இல் அமெரிக்க ராணுவம் அந்த ஆறு நிலைக் கோர்ஸையும் அடியோடு எடுத்துவிட்டது. ஆறும் சேர்ந்தால் 300 மணி நேரத்துக்கு மேல். சிப்பாய்களின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது, சந்தோஷம். ஆனால் எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? மோசமான சார்ஜென்ட்டிடம் மாட்டிக்கொண்ட அந்தப் பையனின் கதி என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் என்பது தவறில்லை. யாருக்குக் கட்டாயம் என்பதில்தான் தவறு. முழுக் கட்டாயத்தையும் ஜூனியர் தலையில் வைத்தார்கள். அவன் திரையைப் பார்த்தாக வேண்டும், தேர்வு எழுதியாக வேண்டும். அவனுக்கு மேலே இருப்பவர்? அவன் முடித்தானா என்று பட்டியலில் பார்த்தால் போதும். அவன் என்ன கற்றான் என்று கேட்க வேண்டிய கட்டாயம் அந்தக் கோர்ஸில் அவருக்கு இருக்கவில்லை.

இத்தனைக்கும் அதற்கான கருவி அதே ராணுவத்திடம் ஏற்கனவே இருக்கிறது. 4856 என்ற எண்ணுள்ள படிவம் ஒன்று உண்டு. சார்ஜென்ட் தன் சிப்பாயை எதிரே உட்கார வைத்துப் பேசி, எங்கே குறை, என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்து அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தின் கடைசிப் பகுதியை அன்றைக்கு நிரப்ப முடியாது. பிறகு ஒருநாள் மறுபடி உட்கார்ந்து, எடுத்த முடிவு பலித்ததா என்று பார்த்து எழுதுவதற்காக அந்த இடம். படிவத்திலேயே மிக மதிப்புள்ள பகுதி அதுதான் என்பேன். திரையில் ஓடும் பாடத்துக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. கடைசிப் பக்கம் வந்ததும் "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு அது போய்விடுகிறது.

இரண்டையும் சேர்த்தால் என்ன? சிப்பாய் ஒரு மணி நேரம் திரையில் படிக்கட்டும். அதே பாடத்தைப் பற்றி அவனுடைய சார்ஜென்ட் அரை மணி அவனோடு உட்காரட்டும். "உன் நண்பன் காவல் நேரத்தில் தூங்கினால் என்ன சொல்வாய்? வாயைத் திறந்து சொல்லிக் காட்டு" என்று கேட்கட்டும். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பாடம் முடிந்ததாகக் கணக்கு. 80 மணி 20 மணியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. படித்தது வாய்ச்சொல்லாக வெளியே வர வேண்டும். விதி என்ன என்பதைத் திரை சொல்லிக் கொடுத்துவிடும். "அண்ணே, கையை எடுங்க" என்று சொல்லும் தைரியம், எதிரே ஒரு மனிதர் இருந்து, இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னால்தான் வரும்.

இங்கே அமர்ந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, நம்மில் பலர் இன்று யாருக்காவது மேலதிகாரி. அடுத்த வாரம் உங்கள் மேஜைக்கும் ஒரு பட்டியல் வரும், இத்தனை பேர் இன்னும் முடிக்கவில்லை என்று. முடித்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "என்னப்பா கத்துக்கிட்டே? இதுல நம்ம இடத்துக்கு எது ஒத்து வரும்?" என்று கேளுங்கள். நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் புதன்கிழமை காலை பதினைந்து நிமிடம் இதைச் செய்கிறேன். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது என்னையே திருத்துகிறார்கள். போன மாதம் ஒரு பெண் டெக்னீஷியன், "சார், ஹெல்மெட் போடாம உள்ளே வராதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதுதான் பெரியது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இப்போது ஆன்லைன் பாடங்கள் நிறைய இருக்கின்றன. நண்பன் நல்ல மனதோடுதான் கேட்பான், "மச்சான், பாஸ்வேர்டு குடு, உனக்கும் நானே முடிச்சிடறேன்" என்று. கொடுக்காதீர்கள். நீங்களும் யாருக்கும் முடித்துக் கொடுக்காதீர்கள். என்றைக்காவது ஒரு நாள் ஒருவன் உங்கள் முன்னால் வந்து, "அதுல என்ன சொல்லியிருந்தாங்க?" என்று கேட்பான். அன்றைக்கு நீங்கள் பதில் சொல்ல முடிய வேண்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.