சேத்துப்பட்டில் நடந்த ஒரு சோதனை



இந்த மருந்து நல்ல மருந்து என்று பெரியவர் ஒருவர் கூறுகிறார். ‘நல்லது என்பதைத் தாங்கள் எவ்வாறு அறிந்தீர்கள்?’ என்று அவரைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தது. பேராசிரியர் சொல்லிவிட்டால் போதும். பழைய நூலில் இருந்துவிட்டால் போதும். அந்த எண்ணத்தை அசைத்த சோதனைகளுள் ஒன்று நம் தமிழ்நாட்டில், சென்னைச் சேத்துப்பட்டில், 1956ஆம் ஆண்டில் தொடங்கிற்று. உலகெங்கும் காசநோயாளர் நடத்தப்படும் முறையையே அது மாற்றிவிட்டது. ஆயினும் நம் மாணவர் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அச்சோதனைக்குச் செல்லுமுன் ஒரு மாந்தோப்பிற்குள் புகுந்து வருவோம். எங்கள் நத்தம் வட்டாரம் மாவிற்குப் பெயர்பெற்றது. செந்தூரமும் கல்லாமையும் விளையும் தோப்பு ஒன்றில், உரிமையாளர் புதிய உரம் ஒன்றை இட்டுப் பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றை ஒட்டிய பத்து மரங்களுக்கு உரத்தை இடுகிறார். மேட்டில் நிற்கும் மரங்களை அப்படியே விட்டுவிடுகிறார். பருவம் வந்ததும் கிணற்றோர மரங்கள் கொத்துக் கொத்தாகக் காய்க்கின்றன. இது உரத்தின் சிறப்பா, கிணற்றின் சிறப்பா? எவராலும் கூற இயலாது. மாறாக, எல்லா மரங்களுக்கும் எண் கொடுத்து, சீட்டெழுதிக் குலுக்கி, வந்த எண்களுக்கு மட்டும் உரம் இட்டிருந்தால்? கிணற்றோர மரங்களும் மேட்டு மரங்களும், இளமரமும் கிழமரமும் இரு பக்கத்திலும் ஏறக்குறையச் சமமாகக் கலந்துவிடும். அதன்பின் விளைச்சலில் பெரிய வேறுபாடு தோன்றினால், அது உரத்தால் வந்தது என்று துணிந்து கூறலாம். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1920களில் ரொனால்டு ஃபிஷர் என்னும் அறிஞர் வகுத்த நெறி இதுவே.

வயலில் பிறந்த இந்த நெறியை மருத்துவமனைக்குள் கொண்டு சென்றவர்களுள் தலையாயவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். அவர் மருத்துவர் அல்லர், மருத்துவராக விரும்பியவர். முதல் உலகப் போரின்போது காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஈராண்டுக் காலம் படுக்கையில் கிடந்தார். மருத்துவக் கல்வி கைகூடவில்லை. படுக்கையில் இருந்தபடியே அஞ்சல் வழியாகப் பொருளாதாரம் பயின்று, பின்னர்ப் புள்ளியியலுக்கு வந்தார். எந்த நோய் அவரை மருத்துவத்திலிருந்து விலக்கியதோ, அந்த நோய்க்கே அவர் வகுத்த சோதனை முதலில் புகழ்பெற்றது.

ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. போர் முடிந்தபின் பிரிட்டனில் அம்மருந்து மிகவும் அரிதாகவே கிடைத்தது. எல்லார்க்கும் கொடுக்கப் போதாது. எவருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுப் போன்ற முறையில் முடிவு செய்து, முடிவை உறையிலிட்டு ஒட்டி வைத்தார்கள். 107 நோயாளருள் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் தொகுதியில் இறந்தோர் 4 பேர். இரண்டாம் தொகுதியில் 14 பேர். இம்முடிவு 1948ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதே 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் புதுமைப்பித்தன் இதே நோயால் திருவனந்தபுரத்தில் காலமானார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. தமிழ் படிக்கும் மாணவர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒன்றாகவே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

புதிய மருந்துகள் வந்தன. தனியாகக் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறது என்பதும், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அவ்வாறு நேர்வது குறைகிறது என்பதும் தெரிந்தன. 1952இல் ஐசோநியசிட் என்னும் மலிவான மாத்திரை வந்தது. ஆயினும் நோயாளியை எங்கே வைத்து மருத்துவம் செய்வது என்பதில் பழைய கருத்தே நிலைத்திருந்தது. நல்ல காற்று, நிறைந்த உணவு, நீண்ட ஓய்வு, குடும்பத்திலிருந்து பிரிவு ஆகிய இவை நான்கும் இருந்தால்தான் எலும்புருக்கி நீங்கும் என்றார்கள். இவற்றைத் தருவதற்காகவே சானட்டோரியங்கள் எழுந்தன. சென்னையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், ‘தாம்பரம் சானட்டோரியம்’ என்னும் நிலையத்தின் பெயர் இன்றும் அக்காலத்தை நினைவூட்டும். செல்வர்கள் கடல் கடந்தும் சென்றார்கள். கமலா நேரு அம்மையார் 1936இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சிகிச்சை பெறுகையில் உயிர் நீத்தார்.

நம் நாட்டில் அப்போது நோயாளர் பல லட்சம். படுக்கைகளோ மிகக் குறைவு. படுக்கை கிடைக்காத ஏழை என்ன செய்வான்? ஓலைக் குடிசையில், ஐந்தாறு பேர் உறங்கும் ஒற்றை அறையில், இருமிக்கொண்டு கிடப்பான். அவனுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் பயன் விளையுமா? விளையாது என்றே பலர் கருதினார்கள். கருதினார்களே அன்றி, அறிந்தாரில்லை. ‘கருதுதல் வேறு, அறிதல் வேறு’ என்பதை நான் எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இவ்வினாவிற்கு விடை காணவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை தாங்கினார். தேவதத்தா, வேலு, இராதாகிருஷ்ணா முதலிய நம் நாட்டவர் அவருடன் உழைத்தனர். சென்னை நகரின் நெருக்கமான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளரே சோதனைக்கு உட்பட்டோர். அவர்களுள் எவர் சானட்டோரியத்துக்குச் செல்வது, எவர் வீட்டில் இருப்பது என்பதைக் குலுக்கல் போன்ற முறையே முடிவு செய்தது. இரு தொகுதியாருக்கும் மருந்து ஒன்றே: ஐசோநியசிட்டும் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், ஓராண்டுக் காலம். வேறுபட்டது இடமும், இடத்தைச் சார்ந்த காற்றும் உணவும் ஓய்வும் மட்டுமே.

வீட்டிலிருந்தோர் நிலை எவ்வாறு இருந்தது என்பதையும் ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்தனர். அவர்கள் உண்ட உணவு குறைவு. உழைத்த நேரம் அதிகம். இருந்த இடம் நெருக்கடியானது. சானட்டோரியத்தில் இருந்தோர் நன்றாக உண்டு, நன்றாக ஓய்ந்து, உடல் எடையிலும் நன்கு கூடினர். பார்ப்பவர் கண்ணுக்கு எந்தத் தொகுதி வெல்லும் என்பதில் ஐயமே இருந்திராது.

1959இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில், சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கியவர்கள் சானட்டோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். ‘ஆறு குறைகிறதே, ஐயா’ என்று உங்களில் கணக்கில் வல்ல ஒருவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஒவ்வொரு தொகுதியிலும் கணக்கில் கொள்ளப்பட்டோர் எண்பது பேரளவில். ஆகவே அந்த ஆறு விழுக்காடு என்பது ஏறத்தாழ ஐந்து மனிதர். இருபக்கமும் ஒரே தரமான மருத்துவம் நடந்திருந்தாலும், தற்செயலாகவே அவ்வளவு வேறுபாடு தோன்றக்கூடும். அதனால்தான் அவர்கள் அத்துடன் நிறுத்தாமல் ஐந்தாண்டுகள் அந்நோயாளரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1966இல் வெளிவந்த அந்த ஐந்தாண்டுக் கணக்கிலும் வீட்டுத் தொகுதி பின்தங்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: சிகிச்சையை இடையில் விட்டு வெளியேறியோர் சானட்டோரியத்தில்தான் மிகுதி. பெண்டு பிள்ளைகளை விட்டு ஓராண்டு பிரிந்திருக்க எத்தனை பேரால் முடியும்?

இவையெல்லாம் நோயாளியைப் பற்றியவை. அவன் வீட்டுக் குழந்தைகளின் கதி என்ன? என் மதிப்பில் இச்சோதனையின் உயிர்நாடி இவ்வினாவே. நோய் கண்டவரை வீட்டை விட்டு விலக்கியதற்கும், தனிக் கலமும் தனிப் பாயும் கொடுத்துத் திண்ணையில் ஒதுக்கியதற்கும், பெண்ணாயின் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பியதற்கும் மக்கள் கூறிய காரணம் குழந்தைகளைக் காப்பதே ஆகும். ஆராய்ச்சியாளர் இரு தொகுதிக் குடும்பத்தாரையும் எக்ஸ்ரே எடுத்தும் தோலில் சோதனை செய்தும் ஐந்தாண்டு கண்காணித்தனர். நோயாளி வீட்டிலிருந்த குடும்பங்களில், பிரிந்திருந்த குடும்பங்களைவிட நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. காரணம் என்ன? நோய் இன்னதென்று கண்டறியப்படும் முன்னரே தொற்றும் காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைவாகக் குறைகிறது. எனவே மருந்து உண்ணத் தொடங்கியவரைத் திண்ணைக்கு அனுப்புவதால் குழந்தைக்குக் கிடைக்கும் காப்பு மிகச் சொற்பம். இதை எண்களால் காட்டியவர்கள் சேத்துப்பட்டார்.

வீட்டு மருத்துவத்தில் இடர் இல்லாமலில்லை. இரண்டொரு மாதத்தில் இருமல் அடங்குகிறது, பசி எடுக்கிறது, உடனே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். காலாண்டுத் தேர்வில் தேறியதும் புத்தகத்தை மூடிவிடும் மாணவனைப் போன்றது அது. மேலும் பி.ஏ.எஸ். குமட்டும் மருந்து, அளவிலும் மிகுதி. நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிற்றா என்று அறிந்தனர். ஒழுங்காக உண்டோம் என்று சொன்னோர் அனைவரும் ஒழுங்காக உண்ணவில்லை என்பது வெளியாயிற்று. எனவே, வாரம் இருமுறை நிலையத்திற்கு வரச்செய்து, பணியாளர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்தனர். அது வீட்டில் நாள்தோறும் தாமே உண்பதற்குக் குறைந்ததன்று என 1964இல் அறிவித்தனர். நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் முறை 1990களில் உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கையாகி எங்கும் பரவியதற்கு இங்கு நடந்த வேலையும் ஒரு வித்து. அந்த நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் சேத்துப்பட்டில் இயங்குகிறது. அதன் கிளை ஒன்று நமக்கு அண்மையில் மதுரையிலும் உண்டு.

இனி, சற்று எச்சரிக்கையாகக் கேட்க வேண்டிய இடம். குறைவாக உண்டோரும் மருந்தால் குணமடைந்தனர் என்று சேத்துப்பட்டுச் சோதனை காட்டியது. அதைக் கேட்ட சிலர், ‘ஆகவே உணவு முக்கியமன்று’ என்று படித்துக்கொண்டனர். சோதனை அவ்வாறு சொல்லவில்லை. மருந்து ஒழுங்காகச் சேருமாயின், உணவுக் குறைவு கிருமி நீங்குவதைத் தடுக்கவில்லை என்றே அது சொன்னது. மெலிந்த உடலை நோய் எளிதில் பற்றுமா, மிக மெலிந்தவர் இறந்துபடுவது அதிகமா என்பவை வேறு வினாக்கள். கேட்காத வினாவிற்கு ஒரு சோதனை விடை தராது.

அந்த வேறு வினாவைக் கேட்ட சோதனை 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடைபெற்றது. அனுராக் பார்கவா என்னும் மருத்துவரும் சேத்துப்பட்டு நிறுவனத்தாரும் பிறரும் அதில் ஈடுபட்டனர். 2,800 நோயாளர், அவர்கள் வீடுகளில் உடன் வாழ்ந்தோர் 10,345 பேர். நோயாளர் எல்லார்க்கும் உணவுப் பொருள் கொடுத்தனர். உடன் வாழ்ந்தோரில் ஒரு தொகுதிக்கு மட்டும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் அளித்தனர். எந்தப் பகுதியார்க்கு அளிப்பது என்பதை இங்கும் குலுக்கலே முடிவு செய்தது. 2023இல் முடிவு வந்தது: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது, சோதனைச்சாலையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. உலகக் காசநோயாளரில் நான்கில் ஒரு பங்கினர் அளவில் இன்றும் நம் நாட்டிலேயே இருக்கின்றனர் என்பதை எண்ணும்போது, இந்த எண்களின் கனம் விளங்கும். நோயாளரின் உணவிற்காக அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாயிற்று. உடன் வாழ்வோர்க்கும் உணவு சேர வேண்டும் என்பது என் கட்சி. ஜார்க்கண்டுக் கணக்கைப் படித்த எவரும் வேறாகச் சொல்ல மாட்டார்.

மிக மெலிந்தவரைப் பற்றிய வினாவும் தமிழ்நாட்டில் செயலுக்கு வந்துள்ளது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்னும் பெயரில் 2022ஆம் ஆண்டு தொடங்கி, சென்னை நீங்கலாக மாநிலமெங்கும் அது நடைமுறைக்கு வந்தது. 1956இல் கேட்ட கேள்வி, ‘எவரை வீட்டில் விடலாம்?’ என்பது. இப்போது கேட்பது, ‘எவரை வீட்டில் விடக்கூடாது?’ என்பது. அதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை. நோய் உறுதியானதும் செவிலியர் உயரமும் எடையும் பார்க்கிறார். மூச்சு நிமிடத்திற்கு எத்தனை என்று எண்ணுகிறார். விரலில் சிறு கருவியை மாட்டி இரத்தத்தில் உயிர்வாயுவின் அளவை அறிகிறார். நோயாளியைப் பிடிமானமின்றி எழுந்து நிற்கச் சொல்கிறார். பின்னர்க் குனிந்து, கணுக்காலின்மேல் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறார். மிக மெலிந்த ஒருவரின் காலில் அந்தக் குழி மறையாமல் நின்றால், மாத்திரையோடு அவரை வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவமனையில் அவருக்கு ஒரு படுக்கை தேடுகிறார்கள்.