சர்க்கரை நோய் நாற்பது வயதில் தொடங்குவதில்லை

(ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தோல் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஷூ கம்பெனியில் தைக்கிறவங்க, டேனரியில் வேலை பார்க்கிறவங்க, கம்பெனி வேன் ஓட்டுறவங்க, வீட்டைப் பார்த்துக்கிறவங்க எல்லோரும் வந்திருக்கீங்க. கைபேசியில் இதைப் பிறகு படிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

உடம்பு எடை, சுகர் என்று பேச்சு வந்தாலே நம்ம பக்கம் மூன்று பதில் கிடைக்கும். "எங்க பரம்பரையே குண்டு, என்ன செய்யறது?" என்பது ஒன்று. "நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்பது இரண்டாவது. "பிரியாணியைக் குறைச்சாச்சு, போதும்" என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் முழு உண்மை இல்லை.

முதலில், வேலூரிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் பிறந்தபோதே அளந்து குறித்து வைத்தார்கள். சிறுவயதிலும் பருவ வயதிலும் மறுபடி அளந்தார்கள். அவர்களில் 2,218 பேரைப் பெரியவர்களான பிறகு, சராசரியாக 28 வயதில், திரும்பத் தேடிக் கண்டுபிடித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை வந்திருந்தது. சிலருக்கு நோயே வந்திருந்தது. வெறும் 28 வயதில்!

இதில் யாருக்கு ஆபத்து அதிகம் தெரியுமா? குழந்தையாக இருந்தபோது ஒல்லியாக இருந்து, பருவ வயதுக்குப் பிறகு வேகமாக எடை போட்டவர்களுக்கு.

ஏன் இப்படி? தாயின் வயிற்றில் போதிய ஊட்டம் கிடைக்காத குழந்தைக்குத் தசை குறைவாக வளர்கிறது. ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், தோலுக்கடியில் இருந்த கொழுப்பு பெரிதாகக் குறையவில்லை. சர்க்கரையைச் செலவழிப்பது தசைதான். அது குறைவாக உள்ள உடம்பில் பின்னாளில் எடை ஏறினால், அது வயிற்றைச் சுற்றித்தான் போய்ச் சேருகிறது.

இப்போ நம்ம ஊரை யோசிச்சுப் பாருங்க. ஒரு பொண்ணு 18, 19 வயசுல கம்பெனிக்குப் போறா. அதுவரைக்கும் நடந்தவள் வேனில் போய் வருகிறாள். எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி உட்கார்ந்த வேலை. அப்புறம் கல்யாணம், பிரசவம். வேலூர் ஆய்வு சொன்ன ஆபத்தான காலம் சரியாக இதுதான். அதனால் "அம்மாவுக்கு சுகர், எனக்கும் நாற்பதில் வரும், அப்போ பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். கவனம் 20 வயதில் தொடங்க வேண்டும்.

அடுத்து, பரம்பரை. அது உண்மைதான். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அளவையும் பாருங்கள். உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ என்ற மரபணுவை 2007-ல் கண்டறிந்தார்கள். ஐரோப்பியரிடம் நடந்த அந்த ஆய்வில், அந்த வகை இரட்டையாக இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். பொதுவாகக் காணப்படும் மரபணுக்களில் எடையை அதிகம் கூட்டுவது இதுவே. அதனால் குடும்பத்தில் இருக்கு என்றால், "சீக்கிரம் டெஸ்ட் எடு" என்று அர்த்தம். "ஒண்ணும் செய்ய முடியாது" என்று அர்த்தம் இல்லை.

ஒல்லியானவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுவயதில் சரியான சாப்பாடு கிடைக்காமல் வளர்ந்த சிலருக்கு, உடம்பில் கொழுப்பே ஏறாமல் சர்க்கரை நோய் வருகிறது. சி.எம்.சி. மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வேலூரில் செய்த ஆய்வு, இது இன்சுலின் சுரப்பு குறைவதால் வரும் தனி வகை என்று 2022-ல் காட்டியது. 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒல்லி என்பது விதிவிலக்கு இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆம்பூர் பிரியாணி மேல் எல்லோரும் பழி போடுகிறோம். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் பிரியாணியைவிட, தினமும் மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு, இட்லி, தோசை, இடையில் நாலு சர்க்கரை டீ, கூடவே பன், பிஸ்கட் என்பதுதான் பெரிய கணக்கு. ஐசிஎம்ஆர் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், நாம் சாப்பிடும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. "நான் களிக்கு மாறிட்டேனே" என்பீர்கள். மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாமல் அரிசியிலிருந்து கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் ஆபத்து குறைவதில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. வழி எளிது: சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், பயறு, முட்டை, மீன் வையுங்கள். டீ இடைவேளையில் ஒரு தடவையாவது மோர் குடியுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் பாட்டிமார் கோபிக்கக் கூடாது! ஒல்லியாகப் பிறந்த பிள்ளையைக் கொழுகொழு என்று ஆக்க வேண்டும் என்று சர்க்கரைப் பால், பிஸ்கட், பாக்கெட் நொறுக்கு எல்லாம் ஊட்ட வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு பருப்பு, முட்டை, கீரை சேர்ந்த வீட்டுச் சாப்பாடு. அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியின் காலை உணவையும் முட்டையோடு வரும் மதிய உணவையும் பிள்ளைகள் தவறவிடாமல் பாருங்கள். குண்டான பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள், விளையாட அனுப்புங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று: தையல் டேப் எடுங்கள். அது இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி அளங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை. அங்குலத்தில் சுமார் 35½, 31½.

இரண்டு: 30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் இலவசமாகப் பாருங்கள். பெற்றோருக்கு நோய் இருந்தால் 30 வரை காத்திருக்க வேண்டாம், கேட்டுப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சோதிக்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். கம்பெனியிலேயே சோதிக்க 2024-ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வந்திருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு அது வரவில்லை என்றால் மேலாளரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழையுங்கள்.

மூன்று: கர்ப்பிணிகள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் சோதனை தொடரட்டும். இது தாயோடு பிள்ளையையும் காக்கும் சோதனை.

நான்கு: ரிசல்ட் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதே கைபேசியில் ஒரு மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். அடித்ததும் இரண்டு நிமிடம் எழுந்து நில்லுங்கள். கைபேசி அனுமதி இல்லாத இடத்தில் லைன் சூப்பர்வைசரிடம் பேசி, எல்லோரும் சேர்ந்து எழுந்திரிங்க.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சோம்பேறித்தனம் வந்துவிடவில்லை. பிறப்பு, பரம்பரை, வேலை, தட்டு நாலும் சேர்ந்து செய்த வேலை அது. முதல் இரண்டையும் மாற்ற முடியாது. வேலை நேரத்தில் எழுந்து நிற்பதும் தட்டை மாற்றுவதும் நம் கையில் இருக்கிறது. இந்த வாரம் டெஸ்டுக்குப் போகும்போது, "எனக்கு எதுக்கு?" என்று சொல்லும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.