பிடுங்குவதற்கு முன் ஒரு படம்

(கல்முனைக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களிடையே எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

  

இந்தக் கல்முனைக் கரையிலே பிறந்து, உங்கள் மலையிலே உத்தியோகம் பார்க்கிறோம். ஆகவே இரண்டு பக்கத்து வாயும் நமக்குத் தெரியும். அங்கே கொழுந்து நிறுத்து முடிந்ததும் வெற்றிலைப் பை அவிழும். இங்கே தோணி கரை சேர்ந்ததும் வெற்றிலைச் சரை அவிழும். பல் குத்தினால் அங்கேயும் கராம்பு, இங்கேயும் கராம்பு. அதற்கும் கேட்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒரே பேச்சுத்தான்: "டொக்டர், பிடுங்கி விட்டிருங்க!"

ஏன் அப்படிச் சொல்கிறோம்? ஒரு நாள் கிளினிக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும். பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டு மூன்று தரம் போக வேண்டிவரும். பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடிந்தது. இந்தக் கணக்கு நமக்கு விளங்காமலில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிக் கணக்கைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறோம்.

தேயிலைச் செடியின் வேரில் நோய் வந்தால் முதல் நாளே தெரியுமா? தெரியாது. இலை மஞ்சளாகி வாடுகிறபோதுதான் தெரியும். அந்நேரம் வேர் போயே போய்விட்டது. பல்லும் அப்படித்தான். வெளியே தெரிகிற பல் கொஞ்சம். முரசுக்குள்ளே தாடை எலும்பில் ஊன்றி நிற்கிற வேர்தான் அதிகம். அந்த எலும்பு கரையத் தொடங்கினால் வலியே இருக்காது. துலக்கும்போது கொஞ்சம் இரத்தம் வரும், வாய் நாறும், அவ்வளவுதான். பல் ஆடுகிறபோது பார்த்தால், பிடித்துக்கொள்ள எலும்பு இருக்காது.

இது வேறு யாருடைய கதையுமல்ல, உங்கள் கதைதான். 1970ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் வைத்தியப் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் பற்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுக்குப் பற்தூரிகை பழக்கமில்லை. பல் வைத்தியமும் எட்டிப் பார்த்ததில்லை. 15 வருடம் அவர்களைத் தொடர்ந்து பார்த்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுவதும் பல் வைத்திய மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அவர்கள் கண்டது என்ன? அந்தத் தொழிலாளர்களுக்குச் சூத்தைப் பல் இல்லை என்றே சொல்லலாம். விழுந்த பற்கள் எல்லாம் முரசு நோயால் விழுந்தவை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. அவர்கள் 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்து நின்றார்கள். நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெதுவாக நடந்தது. 45 வயதில் சராசரி 7 பற்கள் போயின. நூற்றுக்கு 11 பேர் மட்டும் அதிகம் சேதமில்லாமல் தப்பினார்கள். பின்பு 2010இல், 40 வருடம் கழித்து, தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர்களை மறுபடியும் பார்த்தார்கள். முப்பது வயதில் பல்லின் பிடிப்பு அதிகம் தளராமல் இருந்தவர்களே அறுபதிலும் போதிய பற்களோடு இருந்தார்கள். ஆகவே முப்பதுக்கு முன்னமே பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் இது.

இனி, முரசுக்குள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? பல் வைத்தியர் மெல்லிய கம்பியால் முரசின் ஆழத்தை அளப்பார். எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே படம் வேண்டும்.

ஜேர்மனியில் ரொண்ட்ஜன் என்ற விஞ்ஞானி 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். சில கிழமைக்குள், 1896 ஜனவரியில், ஒட்டோ வால்கொஃப் என்ற பல் வைத்தியர் தனது பல்லையே படம் பிடித்துப் பார்த்தார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் கிடந்தாராம்! இன்றைக்கு அது ஒரு வினாடிகூட எடுக்காது. பிறகு பிலிம் வந்தது. அதை இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். படம் சரியில்லை என்றால் திரும்பவும் எடுக்க வேண்டும். 1987இல் பிரான்ஸ் நாட்டில் பிலிமில்லாத முறையைக் கொண்டுவந்தார்கள். அதைத்தான் டிஜிட்டல் எக்ஸ்ரே என்கிறார்கள். சின்னத் தகடு ஒன்றை வாய்க்குள் வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பியூட்டர் திரையில் பல் பெரிதாகத் தெரியும். "இந்தா பாருங்கம்மா, இந்த இடத்தில் எலும்பு இறங்கியிருக்கு" என்று டொக்டர் தொட்டுக் காட்டலாம். படத்தைப் பத்திரமாக வைத்து, அடுத்த வருடப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தூரத்தில் உள்ள நிபுணருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாம். எல்லாப் பல் சிகிச்சை நிலையங்களிலும் இந்த வசதி இருக்காது. பிலிம் படம் எடுத்தாலும் குறைவில்லை. படம் பார்ப்பதுதான் முக்கியம்.

படத்தில் என்ன தெரியும்? இரண்டு பல்லுக்கு இடையில் ஒளிந்திருக்கிற சூத்தை தெரியும். வேர் நுனியில் சீழ் கட்டியிருப்பது தெரியும். எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். கடைசிக் கடவாய்ப்பல் சரிந்து கிடந்தால், கீழுதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்புக்கு அது எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று தெரியும். பார்க்காமல் பிடுங்கி அந்த நரம்பில் பட்டால் உதடு மரத்துப் போகலாம். பிள்ளைகளுக்குப் பால்பல்லின் கீழே நிரந்தரப் பல் இருக்கிறதா இல்லையா என்றும் தெரியும். பிடுங்க வேண்டிய பல் எது, அடைத்துக் காப்பாற்றக்கூடிய பல் எது என்று பிரித்துச் சொல்வது இந்தப் படம்தான்.

இங்கேதான் அந்த மீதிக் கணக்கு வருகிறது. ஒரு கடவாய்ப்பல் போனால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயும். எதிர்ப் பல் நீளும். அந்தப் பக்கம் மெல்ல முடியாது. பிறகு அடுத்த பல்லுக்கும் அதே கதி. கட்டுப் பல் வைக்கப் போனால் அதற்கும் காசு, அதற்கும் நாள். ஒரு நாள் பேர் மிச்சம் என்று நினைத்தது, ஐம்பது வயதில் றொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்னுவதில் முடிகிறது.

கதிருக்குப் பயப்படுகிற தாய்மார் உண்டு. அந்தப் பயம் அநியாயமானதல்ல. கதிர் என்றால் அளவோடுதான் வேண்டும். ஆனபடியால்தான் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்கிறார்கள். ஆனால் சின்னப் பல் படம் ஒன்றின் கதிர் மிகக் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம்மில் ஒரு நாளில் படுகிற கதிரோடு ஒப்பிடக்கூடிய அளவுதான். பிள்ளைத்தாய்ச்சி என்றால் முதலிலேயே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவசரமில்லை என்றால் தள்ளிவைப்பார். அவசியம் என்றால் எடுப்பார், அதற்காகக் கலங்க வேண்டாம். சில இடங்களில் ஈயக் கவசம் போடுவார்கள், சில இடங்களில் போட மாட்டார்கள். பல் படத்துக்கு அது தேவையில்லை என்று அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2024இல் சொல்லியிருக்கிறது. போடாவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டாது. சூத்தை தொடங்கின உடனே படத்தில் விழாது. கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் வருகிற வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் ஆகியவை படத்தில் தெரியாது. அவற்றை வெளிச்சத்தில் வாயைத் திறந்துதான் பார்க்க வேண்டும். நமது நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். புகையிலை மட்டுமா குற்றவாளி? இல்லை. வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. "நாங்க புகையிலை போடுறதில்ல, சும்மா வெத்திலைதானே" என்று சொல்கிற பாட்டிமார் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று கிழமை ஆறாத புண்ணோ, வாய் திறக்க இறுக்கமோ இருந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

இந்த ஊரில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும், கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இருந்தும் பல் ஆடின பிறகு போகிறவர்கள் இங்கேயும் உண்டு. ஆகவே தூரம் மட்டும் காரணமல்ல, பழக்கமும் காரணம். இங்கே ஒரு நல்ல பழக்கமும் இருக்கிறது. தொழுகைக்கு முன் மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவார்கள். குச்சியோ தூரிகையோ, நாளுக்கு இரண்டு தரம், முக்கியமாக இரவு படுக்கப் போகுமுன் துலக்க வேண்டும். புளோரைட் உள்ள பற்பசை நல்லது. கரியும் செங்கல் தூளும் வேண்டாம், பல்லைத் தேய்த்துவிடும்.

கடைசியாகச் சொல்வது இதுதான். முரசில் இரத்தம் கண்டால் பல் ஆடும்வரை காத்திருக்க வேண்டாம். தோட்ட மருந்துக்காரரிடம் சொல்லி, பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் பல் பகுதிக்குத் துண்டு வாங்கிப் போங்கள். பிடுங்கச் சொன்னால், "டொக்டர், படம் எடுத்துப் பார்க்கலாமா? காப்பாற்ற வழியிருக்கா?" என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. படம் கையில் தந்தால் பிள்ளையின் பிறப்பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை கொண்டுபோங்கள். கஷ்டமான நோய் என்றால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பஸ் காசைப் பார்த்து அந்தத் துண்டைத் தகரப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். கிளினிக் நாளுக்கு லீவு எடுப்பதில் சிக்கல் வந்தால் நலன்புரிப் பகுதிக்கு வாருங்கள், துரையோடு பேசுவது நமது வேலை.

அன்றைக்கு அந்த 480 பேருக்கு யாரும் வந்து இதைச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லியாயிற்று.