துணைத் தலைவர் என்றால் பேருக்குத்தானா?

(புன்னைக்காயலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊராட்சித் தேர்தல் வந்தால் நிற்பீர்களா என்று குழுக்களில் நாங்கள் கேட்டு வருகிறோம். "வார்டு உறுப்பினர்னா பார்க்கலாம். துணைத் தலைவர் பதவி எல்லாம் பேருக்குத்தானே?" என்கிறார்கள் பலரும். அதனால்தான் இன்று ஆர்.வெங்கட்ராமனைப் பற்றிப் பேசுகிறோம்.

அவர் பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்தில் 1910-ல் பிறந்தவர். அதுவும் நம்மூர் போலக் கடலோர ஊர்தான். சட்டம் படித்து 1935-ல் சென்னையில் வக்கீல் ஆனார். 1942 போராட்டத்தில் இரண்டு வருடம் சிறை. வெளியே வந்த பிறகு தொழிலாளர் வழக்குகளில் பெயர் எடுத்தார். தொழிலாளர் சட்டத்துக்கென்றே 1949-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1957-ல் எம்.பி.யாக ஜெயித்தும் அந்தப் பதவியை விட்டுவிட்டு, காமராஜர் அமைச்சரவைக்கு வந்தார். தொழில் துறையைப் பத்து வருடம் பார்த்தார். பிறகு டெல்லியில் நிதி, பாதுகாப்பு என்று அமைச்சர் பதவிகள்.

1984-ல் துணைக் குடியரசுத் தலைவர் ஆனார். அது சும்மா நாற்காலி இல்லை. மாநிலங்களவையை நடத்துவதே அவர்தான். யார் பேசலாம், எது விதி, எது விதி மீறல் என்று தினம் தினம் முடிவு சொல்ல வேண்டும். 1987-ல் குடியரசுத் தலைவர் ஆனார்.

1991-ல் நடந்ததைக் கேளுங்க. எம்.பி.க்களின் ஓய்வூதியச் சலுகையைக் கூட்டும் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறி அவரிடம் வந்தது. இந்த மாதிரி செலவு வரும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையை முதலிலேயே வாங்க வேண்டும். வாங்கவில்லை. அவர் ஒப்புதல் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் எம்.பி.க்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்! விதி தெரிந்த வக்கீல் என்பதால் அவரால் மறுக்க முடிந்தது என்பது எங்கள் எண்ணம்.

இப்போது நம்ம விஷயம். கிராம ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். தெருவிளக்கோ குடிநீர்க் குழாயோ, செலவுக் கணக்கு அவர் கையைத் தாண்டித்தான் போகும். வீட்டுக்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதா, பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுப் போடுவதா என்பதுதான் கேள்வி. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 2016-ல் சட்டம் வந்தாயிற்று. நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. ஆக, பழகிக்கொள்ள வேண்டிய நேரம் இது.

எங்கே பழகுவது? நம் குழுவில்தான். ஊக்குநர் எழுதி நீட்டுகிற தீர்மானத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற குழுக்கள் இன்னும் இருக்கின்றன. மீன் விலையில் ஒரு ரூபாய் குறைந்தால் சண்டை போடுகிறோம், ஐம்பதாயிரம் கடன் தீர்மானத்தை ஒருவரி படிப்பதில்லையே!

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எல்லாக் குழுவும் தீர்மான நோட்டைக் கொண்டு வாருங்கள். ஊக்குநர் வாசிக்க வேண்டாம். பிரதிநிதிகளும் வேண்டாம். மற்ற உறுப்பினர்களில் ஒருவர் எழுந்து, கடைசித் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கட்டும்.