முன்பணம் வாங்கியவர் பொறுப்பு

ஆப்ஷன் விற்றுக் கிடைக்கும் பிரீமியத்தை மாத வருமானமாகக் காட்டும் முதலீடுகள் இந்தியாவில் பல வாசல்கள் வழியாக மக்களிடம் வருகின்றன. வாசலுக்கு வாசல் விதி வேறு. அந்த விதிகள் புரிய, ஆப்ஷன் விற்பது என்றால் என்ன என்பது முதலில் விளங்க வேண்டும்.

நிலத்துக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்குவது நேயர்கள் அறிந்ததுதான். கெடுவுக்குள் வாங்குபவர் வராவிட்டால் முன்பணம் நிலக்காரருக்கு. வந்துவிட்டால், நிலம் இரண்டு மடங்கு விலை ஏறியிருந்தாலும் பேசிய விலைக்கே எழுதிக்கொடுக்க வேண்டும். கையில் உள்ள பங்கின் மீது கால் ஆப்ஷன், அதாவது பேசிய விலைக்கு அதை வாங்கும் உரிமை, விற்கும் 'கவர்டு கால்' முறையும் ஏறக்குறைய இதுவே. முன்பணத்தின் இடத்தில் வரும் பிரீமியம் மட்டும் விலையில் கழிக்கப்படாது.

1,000 ரூபாய் விலையில் 500 பங்குகள் வைத்திருப்பவர், 1,050 ரூபாய்க்கு விற்கச் சம்மதித்து, பங்குக்கு 20 ரூபாய் பிரீமியம் பெறுகிறார் என்று கொள்வோம். கைக்கு வருவது 10,000 ரூபாய். பங்கு 1,200க்கு ஏறினால், கிடைத்திருக்க வேண்டிய ஒரு லட்சத்துக்குப் பதில் 35,000 ரூபாயே மிஞ்சும். 800க்கு இறங்கினால், பிரீமியம் போக 90,000 ரூபாய் நட்டம். ஏற்றத்துக்கு எல்லை உண்டு. இறக்கத்துக்குத் தடுப்பு மிகச் சிறிது.

இனி விதிகள். மியூச்சுவல் ஃபண்டுகள் கவர்டு கால் எழுத (அதாவது விற்க), பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2019 ஜனவரியில் அனுமதித்தது. நிஃப்டி 50, சென்செக்ஸ் பங்குகளில் மட்டும். அதுவும் திட்டத்தின் பங்கு மதிப்பில் 15 சதவீதத்துக்குள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிறப்பு முதலீட்டு நிதிகளுக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. குறைந்தபட்ச முதலீடு 10 லட்சம். போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவைக்கு 50 லட்சம், மாற்று முதலீட்டு நிதிக்கு ஒரு கோடி. சுதந்திரம் கூடக்கூட நுழைவுத் தொகையும் ஏறுகிறது.

புரோக்கர் கணக்கில் தாமே ஆப்ஷன் விற்பவருக்கோ அந்தத் தொகை வரம்பு இல்லை; மார்ஜின் எனும் பிணைத்தொகை கட்டினால் போதும். பங்கு ஆப்ஷன் கெடு நாளில் பங்காகவே ஒப்படைக்கப்பட வேண்டும். லாபம் வணிக வருமானமாக வரிக்கு உட்படும். மியூச்சுவல் ஃபண்டு யூனிட்டை விற்றால் அது மூலதன ஆதாயம்.

2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் எதிர்கால, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாகவும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபி ஆய்வு 2024 செப்டம்பரில் தெரிவித்தது. அடுத்த மாதமே குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. கெடு நாளில் குறியீட்டு ஆப்ஷன் விற்பவருக்கு 2 சதவீதம் கூடுதல் மார்ஜினும் விதிக்கப்பட்டது.

'வருமானம்' என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. மியூச்சுவல் ஃபண்டு 'டிவிடெண்டு' திட்டங்களின் பெயரை, முதலீட்டாளரின் மூலதனமும் அதில் திரும்ப வரலாம் என்று தெரியும்படி மாற்ற வேண்டும் என்ற செபியின் உத்தரவு 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

பிரீமியம் என்பது ஒரு பொறுப்பை ஏற்றதற்கான கூலி. மாதாமாதம் பணம் வரும் என்று யார் சொன்னாலும், இது எந்த விதியின் கீழ் வருகிறது, சந்தை இறங்கினால் நட்டம் எவ்வளவு, வரி எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.