அவிழ்த்துவிடும் முன் ஒரு கேள்வி



நாய் என்றால் காவலுக்கு, அல்லது கொஞ்சுவதற்கு. நகரவாசிகள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கயோட்டியைத் துப்பாக்கியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது!

கயோட்டி நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. எடை பெரும்பாலும் 20 கிலோவுக்குள் இருக்கும். அந்நாட்டில் கொன்றுண்ணும் விலங்குகளுக்கு இரையாகும் ஆடுகளில் பெரும்பங்கு இதன் வாய்க்குத்தான் போகிறது. ஆகவே பண்ணைக்காரர்களுக்கு இது தீராத தலைவலி.

வேட்டைக்காரர் காற்றுக்கு எதிர்முகமாகப் புதரோரம் அமர்கிறார். அடிபட்ட முயல் கதறுவது போலவோ, கயோட்டிக் குட்டி அலறுவது போலவோ ஊதலில் ஒலி எழுப்புகிறார். நாய் கயிறின்றிச் சுற்றித் திரிகிறது. வசந்த காலத்தில் குட்டி போட்ட கயோட்டி இணை, தன் எல்லையில் வேறொரு நாயைக் கண்டால் பொறுக்குமா? சீறிக்கொண்டு துரத்துகிறது. நாய் எஜமானரை நோக்கித் திரும்பி ஓடிவருகிறது. கயோட்டியின் கண் நாயின் மேல் இருப்பதால் மனிதரை அது கவனிப்பதில்லை.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? இதில் எல்லாம் ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது. கூப்பிட்டால் நாய் திரும்பி வர வேண்டும். பயந்த நாய் காலடியை விட்டு நகராது. முரட்டு நாயோ திரும்பாமல் சண்டைக்கு நிற்கும். கயோட்டிகள் இரண்டாக வந்தால் ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் கடிக்கும். துப்பாக்கி எட்டாத தூரத்தில் அந்த நாயைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

ஆபத்து கயோட்டியிடம் மட்டும் இல்லை. 2017 மார்ச்சில் ஐடஹோ மாநிலத்தின் போகடெல்லோ நகருக்கு அருகே ஒரு சிறுவன் தன் நாயுடன் வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்றில் நடந்துகொண்டிருந்தான். கயோட்டிக்காக அரசுத் துறை நட்டுவைத்திருந்த சயனைடு பொறி வெடித்தது. சிறுவன் உயிர் பிழைத்தான், நாய் மாண்டது. 2023-இல் அமெரிக்க நில மேலாண்மைத் துறை தன் பொறுப்பில் உள்ள நிலங்களில் இப்பொறிக்குத் தடை அறிவித்தது. ஆனால் சுருக்குக் கம்பிகளும் இரும்புப் பொறிகளும் வேறு இருக்கின்றன. அவற்றுக்கு நாய் எது, கயோட்டி எது என்று தெரியாது.

நோயும் உண்டு. 1988-இல் தெற்கு டெக்சஸில் கயோட்டிகளிடையே வெறிநோய் பரவி வீட்டு நாய்களையும் தாக்கியது. 1995 முதல் விமானங்களிலிருந்து தடுப்பு மருந்து கலந்த இரை தூவப்பட்டது. நாய்களிடையே பரவும் அந்த வகை வெறிநோய் ஒழிந்ததாக 2007-இல் அறிவித்தார்கள். ஆனாலும் கயோட்டியிடமிருந்து சொறி, டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் நாய்க்குத் தொற்றலாம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. துரத்தி வருவது குட்டிகளைக் காக்க வந்த தாயாகவோ தந்தையாகவோ இருக்கலாம். இரண்டும் சுடப்பட்டால் வளைக்குள் இருக்கும் குட்டிகள் பசியால் சாகும். ஆட்டைக் காக்க வேறு வழியே இல்லாத பண்ணையில் இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். வெறும் பொழுதுபோக்குக்கு என்ன நியாயம் சொல்வது?

அப்படியானால் நாயை அவிழ்த்துவிடவே கூடாதா? விடலாம், நிபந்தனையோடு! முதலில் வெட்டவெளியில், துப்பாக்கி இல்லாமல், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பப் பழக்க வேண்டும். மற்றொரு வேட்டைக்காரர் கயோட்டி என்று எண்ணிச் சுட்டுவிடாதபடி பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பட்டை வேண்டும். இருக்குமிடம் காட்டும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை வேண்டும். தடுப்பூசி வேண்டும். அந்த நிலத்தில் பொறி இருக்கிறதா என்று உரிமையாளரிடம் விசாரிக்க வேண்டும்.

நாய்க்குத் துப்பாக்கியும் தெரியாது, பொறியும் தெரியாது. எஜமானரை நம்பித்தான் அது ஓடுகிறது. அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பேற்கத் துணியாதவர் நாயைக் கயிற்றிலேயே வைத்திருக்கட்டும்.